வேப்பமரத்துக்குக் கண்ணீர் அஞ்சலி

எங்கள் ஊரில் மரம் வெட்டுகிறவர்களைக் கண்டு நான் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. மரத்தை நேசிக்கிறவர்களைக் கண்டால்தான் பயம். வெட்டுகிறவன் கையில் கோடரி இருக்கும்; எதற்கு வந்திருக்கிறான் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். நேசிக்கிறவர்கள் பொன்னாடையோடும் மைக் செட்டோடும் வருவார்கள்.

சங்கரன்கோவிலில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் தாவரவியல் ஆசிரியை. செடி எப்படித் தண்ணீரை எடுக்கிறது, எப்படி வெளியே விடுகிறது என்பது பிளஸ் ஒன் பாடத்தில் ஒரு முழு அலகு. வேர்த்தூவி, சவ்வூடு பரவல், சாறேற்றம், நீராவிப்போக்கு என்று பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்கள். அதே பிள்ளைகள் மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, இன்று எங்கள் முறை என்பதற்காக, பள்ளித் தோட்டத்துச் செம்பருத்திக்கு வாளியில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆசிரியர் அறையில் எனக்கு எதிரே உட்காரும் இயற்பியல்காரர், அடியில் ஓட்டையில்லாத பீங்கான் தொட்டியில் குரோட்டன்ஸ் வைத்து, டம்ளரில் மிஞ்சும் டீயை அதற்கு ஊற்றி வந்தார். அது செத்ததும் என்னிடம், “உங்க டிபார்ட்மென்ட் சரியில்லையே டீச்சர்” என்றார்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வேப்பமரத்தை வேரோடு பெயர்த்து இடம் மாற்றப் போகிறோம், நீங்கள்தான் ஆலோசகர் என்று ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்த மரம் ராஜபாளையம் சாலையில், கரிவலம்வந்தநல்லூர் பஸ் நிற்கிற இடத்தில் இருந்தது. அது அங்கே நின்ற காலம் முழுவதும் ஊர் அதை ஓர் ஆணியடிக்கும் பலகையாகத்தான் பயன்படுத்தியது. பல் டாக்டர் ஒரு போர்டு அடித்திருந்தார். டியூஷன் சென்டர் ஒன்று, ‘நூறு சதவீதம் தேர்ச்சி’ என்று இன்னொரு போர்டு அடித்திருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர் பால் சட்டி கழுவிய வெந்நீரை அதன் அடிமூட்டிலேயே ஊற்றினார். ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. சாலையை அகலப்படுத்த வந்தவர்கள் அதன் உடம்பில் சிவப்புப் பெயின்டால் ஒரு குறி போட்டார்கள். அன்றிலிருந்து ஊருக்கு அதன் மேல் பாசம் பொங்கிவிட்டது.

பாசம் பொங்கியவர்களுக்கு ஒரு பசுமைக் குழு இருந்தது. அதன் தலைவர் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பச்சைத் துண்டு. ஊரில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். குழுவில் இருப்பவர்கள் தலைவர் என்பார்கள். அவர் பேசும்போது இரண்டாவது பட்டம்தான் அவருக்குப் பிடித்தது என்று தெரியும்.

கூட்டம் அவர் கடையின் மாடியில், பட்டுச்சேலைப் பிரிவில் நடந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. மூலைக்கு மூலை பிளாஸ்டிக் மூங்கிலும் பிளாஸ்டிக் பனையும் வைத்திருந்தார்கள். கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி அந்த பிளாஸ்டிக் இலைகளின் மேல் ஸ்ப்ரேயரால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைக் கவனித்த தலைவர், “ஃப்ரெஷ்ஷா தெரியும்லா டீச்சர்” என்றார். இவரிடம்தான் நான் வேரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனாலும் பேசினேன். “அண்ணாச்சி, பெரிய மரத்த எடுக்கணும்னா மொதல்ல சுத்தி இருக்க வேர கொஞ்சம் கொஞ்சமா வெட்டி விட்டு, உள்ள புது வேர் விடுத வரைக்கும் பொறுக்கணும். அதுவும் இந்தச் சித்திர வெயில்ல தொடக்கூடாது. மழக்காலம் வரட்டும்.”

“மழ வாரதுக்குள்ள ரோட்டுக்காரன் அறுத்துத் தள்ளிருவாம்லா?”

அது நியாயம்தான். “சரி, அப்பம் கெளையவாவது கழிச்சிருங்க. ஒரு எல கூட இருக்கக்கூடாது. தண்டு மட்டும் போதும்.”

தலைவர் என்னைப் பார்த்த பார்வையை, கல்யாண வீட்டில் அபசகுனமாகப் பேசிவிட்டவளைப் பார்க்கும் பார்வை என்று சொல்லலாம். “மொட்டக் கட்டையவா கொண்டுட்டுப் போய் நடச் சொல்லுதிய? சிறப்பு விருந்தினர் வாராரு. அவரு வந்து கட்டைக்கா தண்ணி ஊத்துவாரு? போட்டோ எப்பிடி வரும்?”

குழுவில் இருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், “எல இருந்தாத்தான மரம் மூச்சு விடும்?” என்று கேட்டு, தானே தலையாட்டிக்கொண்டார்.

நான் மறுபடியும் சொன்னேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்களை விடப் பின்னால் நின்ற பிளாஸ்டிக் பனை நன்றாகக் கவனித்தது.

நான் சொன்னது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மரத்துக்குத் தண்ணீர் குடிப்பது நாம் கண்ணால் பார்க்கிற தடித்த வேர் அல்ல. அது குழாய், மரத்தைப் பிடித்து நிறுத்துகிற கயிறு. குடிப்பது, அந்த வேர் கிளைத்துக் கிளைத்துப் போய் முடிகிற நுனியில் இருக்கும் தூவிகள். பட்டு இழையை விட மெல்லியவை. அவை மரத்தின் மூட்டில் இருப்பதில்லை. தள்ளி, சாலைக்கு அந்தப் பக்கம் கூட இருக்கும். ஜேசிபி வந்து மூட்டைச் சுற்றித் தோண்டினால் அவ்வளவும் மண்ணிலேயே தங்கிவிடும். ஆனால் இலைக்கு அது தெரியாது. ஒவ்வொரு இலையின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள். அவை வழியாகத் தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். போகிற தண்ணீர்தான் கீழே இருக்கிற தண்ணீரை மேலே இழுக்கிறது. இழுக்கக் கீழே ஒன்றும் இல்லாதபோது, துளைகளை எவ்வளவு இறுக மூடினாலும், இலை உடம்பில் இருப்பதையும் சேர்த்து இழந்து மரத்தைக் காய வைத்துவிடும். வாயைக் கட்டிப்போட்டு வெயிலில் ஓடவிடுகிற மாதிரி. அதனால்தான் இலையைக் கழிக்கச் சொன்னேன்.

“நல்ல விளக்கம் டீச்சர்” என்றார் தலைவர். “விழாவுல இத அப்படியே ரெண்டு நிமிசம் பேசிருங்க.”

இடம் எங்கள் பள்ளி மைதானம், தாவரவியல் ஆய்வகத்தின் சன்னலுக்கு நேர் எதிரே. தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். தலைவர் பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிக்கும் மிஷின் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் குழாயில் வரப்போகிற தண்ணீரை நினைத்துக்கொண்டு அவர் எதற்கும் தலையாட்டுவார்.

விழா அன்று காலை மேளம் அடித்தார்கள். வேம்பு அப்போதுதான் கொழுந்து விட்டு, பூவும் பூத்து நின்றது. ஒரு மரம் தண்ணீரை அதிகமாகக் கேட்கிற நேரம். ஜேசிபி அதன் மூட்டைச் சுற்றிப் பள்ளம் பறித்தது. வேர் அறுகிற சத்தம் மேளச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. கிரேன் மரத்தைத் தூக்கியபோது பூக்கள் கூட்டத்தின் தலையில் உதிர்ந்தன. சிறப்பு விருந்தினர் மைக்கில், “மரமே நமக்குப் பூமாரி பொழிகிறது” என்றார். கைதட்டினார்கள். நான் அடியில் தொங்கிக்கொண்டிருந்த வேர்முண்டுகளைப் பார்த்தேன். தறித்த கைகள் மாதிரி இருந்தன. பல் டாக்டர் போர்டு மட்டும் அப்போதும் மரத்தில் பத்திரமாக இருந்தது.

மைதானத்தில் பேனர் கட்டியிருந்தார்கள். தலைவரின் படம் பெரிதாக, விருந்தினரின் படம் அதைவிடப் பெரிதாக, ஓரத்தில் ‘தாவரவியல் ஆலோசகர்’ என்று என் படம். பழைய அடையாள அட்டையிலிருந்து எடுத்திருந்தார்கள். நான் சொன்ன ஓர் ஆலோசனையைக் கூடக் கேட்காமல் என்னை ஆலோசகராக்கிய கெட்டிக்காரத்தனத்தை நான் பாராட்டத்தான் வேண்டும். மரம் செத்தால் பழி போடுவதற்கு ஒரு முகம் தயாராக இருந்தது. இரண்டு நிமிடம் பேசச் சொன்னார்கள். “கிளையை இன்றைக்கே கழித்துவிடுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன். ஒலிபெருக்கிக்காரர் உடனே பாட்டைப் போட்டுவிட்டார்.

மறுநாள் மதியம் கொழுந்துகள் தலை தொங்கின. அடுத்த நாள் முற்றிய இலைகளும் சுருண்டன. தலைவர் ஓடி வந்தார். “தண்ணி பத்தல” என்றார். லாரித் தண்ணீர் வந்தது. காலையில் ஒரு லாரி, சாயங்காலம் ஒரு லாரி. எங்கள் மைதானம் குருவிகுளத்துக் கரிசலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஈரம் பட்டால் பிசின், காய்ந்தால் வெடிப்பு. குழியில் ஊற்றிய தண்ணீர் போக வழியில்லாமல் அப்படியே நின்றது. குழி ஒரு தொட்டியாகிவிட்டது. மரம் அதில் ஊறப்போட்ட கட்டையாகிவிட்டது.

வேருக்கும் மூச்சு வேண்டும் என்று எத்தனை பேரிடம் சொல்வது! மண்ணில் காற்று இல்லாவிட்டால் வேர் தண்ணீரில் நின்றுகொண்டே தாகத்தில் சாகும். மேலே பார்த்தால் இலை வாடும். வாடியதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். ஊற்ற ஊற்ற அது இன்னும் வாடும். இந்த ஊரில் பாதி வீட்டுத் துளசி இப்படித்தான் செத்திருக்கிறது. அந்த வீடுகளில் எல்லாம் கண் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்வார்கள்.

வாயால் சொன்னால் ஏறாது என்று, வகுப்பில் காட்டுவதைத் தலைவருக்கும் காட்டினேன். இன்னும் வாடாமல் இருந்த ஒரு கிளையில் பாலிதீன் பையைக் கவிழ்த்து, வாயை நூலால் இறுகக் கட்டினேன். கொஞ்ச நேரத்தில் பையின் உள்ளே ஆவி படிந்து, துளி துளியாகத் திரண்டு, மூலையில் தண்ணீராகத் தேங்கியது. “பாத்தியளா அண்ணாச்சி, இந்த வெயில்ல இம்புட்டு தண்ணி எல வழியாப் போகுது. வேர் இத எங்கன இருந்து கொண்டு வரும்? கெளைய வெட்ட விடுங்க” என்றேன்.

தலைவர் பையை உற்றுப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவர் கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன. “மரம் அழுவுதா டீச்சர்?” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் செல்போனில் படம் எடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும், ‘பிறந்த இடத்தை எண்ணிக் கண்ணீர் வடிக்கும் வேம்பு’ என்று அந்தப் பை வந்தது. என் விரல்களும் படத்தில் இருந்தன. எங்கள் தெருவில் ஒரு பெண்மணி அதைப் பார்த்துவிட்டு அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டனுப்பினார். மருந்துக்காம்.

குழியிலிருந்து நாற்றம் வரத் தொடங்கியபோது நான் தலைமையாசிரியரிடம் போனேன். லாரியை நிறுத்தச் சொல்லுங்கள், கிளையைக் கழிக்க அனுமதி கொடுங்கள் என்றேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே பேசினார். “எனக்கு எதுக்கு டீச்சர் வம்பு? வச்சது அவரு. பட்டுப்போனாலும் அவரு பாத்துக்கிடுவாரு.”

“நம்ம மைதானம்லா சார்?”

“மைதானம் நம்மளது. மரம் அவருது” என்றார். தத்துவம் பேசிய திருப்தி முகத்தில் தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மின்கம்பிக்குக் குறுக்கே வருகிற கிளைகளை வெட்டும் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கோடை விடுமுறை, காவலாளி என்னைத் தெரிந்தவர், கதவைத் திறந்துவிட்டார். வெட்ட வந்தவருக்கு மரத்தின் மேல் எந்தப் பாசமும் இல்லை. அது ஒரு நிம்மதி. ஏறுவதற்கு முன் மரத்தின் மூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “எதுக்கு டீச்சர் கெள கெளயா? அடியோட அறுத்துருவோம். கட்ட நல்லாருக்கு, கதவு நெலைக்கு ஆகும்” என்றார். நான் அவரை நம்பாமல் கடைசி வரை கீழேயே நின்றேன். ஒவ்வொரு கிளையாக விழுந்தது. காய்ந்த இலை சருகாகவும் காயாத இலை கசப்பு வாடையோடும் மைதானம் முழுக்கக் கிடந்தன. கடைசியில், மேலே கவை மட்டும் விட்ட ஒரு தூண் நின்றது. வெட்டுவாய்களில் சாணியும் களிமண்ணும் குழைத்து அப்பச் செய்தேன். தண்டைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினோம்.

பள்ளிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த மாடியிலிருந்து யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இன்னும் அந்தக் கெள, அதையும் வெட்டும்” என்று சொல்வது தெளிவாகக் கேட்கிறது. மதியத்துக்குள் நான் ஊருக்குள் ‘மரக்கொலைகாரி’ ஆகியிருந்தேன்.

இரண்டொரு நாளில் பேருந்து நிலையத்துச் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். கறுப்புக் கட்டம், நடுவில் பச்சைப் பசேல் என்று வேப்பமரத்தின் படம், மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே ‘பிரிவால் வாடும் பசுமை உறவுகள்’. வாடுவது என்ற சொல்லை அவர்கள் சரியாகப் பயன்படுத்தியது அந்த ஒரே இடத்தில்தான். தலைவர் சார்பில் என்று அவர் படத்தையும் போட்டிருந்தார்கள். மரத்தின் படத்தை விட அது பெரிது. இறந்தது யார் என்று வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பம் வந்திருக்கும். செத்த மரத்துக்குத் தண்ணீர் எதற்கு என்று லாரியும் அன்றோடு நின்றுவிட்டது.

தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, தலைவரிடம் போய் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிடச் சொன்னார். முடியாது என்றேன். “அப்பம் நான் ஒண்ணும் செய்ய முடியாது டீச்சர்” என்றார். அவர் என்றைக்குத்தான் ஏதாவது செய்திருக்கிறார்?

என் வீட்டுக்காரர் விசைத்தறிகளுக்கு நூல் வாங்கி விற்கிறவர். தலைவர் கடையோடும் அவருக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு. அன்று சாயங்காலம் தோசையைப் பிட்டுக்கொண்டே கேட்டார். “ஏட்டி, ஒனக்கு மரத்தக் காப்பாத்தணுமா, அந்த ஆள செயிக்கணுமா?”

“ரெண்டுந்தான்” என்றேன்.

“ரெண்டுல எது மொதல்ல?”

“தோசையத் தின்னுங்க.”

அவர் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் கொஞ்ச நாள் உறுத்தியது. மரம் பட்டுப்போனால் எனக்கு என்ன வரும் என்று யோசித்தேன். துக்கம் வரும். அதைவிட, அந்த ஆளின் முகத்தில் வரப்போகிற ‘நான் அன்றைக்கே சொன்னேன்’தான் முதலில் நினைவுக்கு வந்தது. இதை மறைக்க நான் விரும்பவில்லை. அந்தக் கோடையில் தினமும் வெயிலில் போய்ச் சாக்கை நனைக்க எனக்குத் தெம்பு கொடுத்ததில் பாதி வேம்பின் மேல் இருந்த அக்கறை. மீதி அவர் மேல் இருந்த இளக்காரம்.

பள்ளி திறந்ததும் பிளஸ் ஒன் பிள்ளைகளை மண்வெட்டியோடு கூட்டிக்கொண்டு போனேன். குழியிலிருந்து வடிகால் வரை ஒரு வாய்க்கால் வெட்டினோம். கறுப்பாக, அழுகிய முட்டை வாடையோடு தண்ணீர் வடிந்தது. கெட்ட மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு மணலும் செம்மண்ணும் கலந்து நிரப்பினோம். அழுகிய வேரை வெட்டி எடுத்து, வேர் ஏன் தண்ணீருக்குள் தாகத்தால் செத்தது என்று சொன்னேன். என் ஆசிரிய வாழ்க்கையில் இதைவிட நல்ல வகுப்பு அமைந்ததில்லை. ஒரு பெண் கையை உயர்த்தினாள். நான் ஆவலோடு பார்த்தேன். “மிஸ், இது அஞ்சு மார்க்குக்கு வருமா?” என்றாள்.

ஆனி பிறந்து காற்று சுழற்றியது. மலையில் சாரல், வாசுதேவநல்லூரில் தூறல், எங்களுக்கு வெறும் காற்றும் புழுதியும். அந்தக் காற்றில் இலை இருந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். இழப்பதற்கு இலை இல்லாததால் மரம் தப்பித்து நின்றது. நின்றது என்றால், செத்ததா இருக்கிறதா என்று தெரியாமல் நின்றது. பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்ப்பேன். உள்ளே மங்கலாக ஒரு பச்சை. அதை வைத்துக்கொண்டு யாரிடம் போய்ப் பேச முடியும்?

அந்த நாட்களில் ஒரு முறை வாசுதேவநல்லூரில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கப் பஸ்ஸில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் செல்போனில் எதையோ பார்த்துப் பார்த்து உச்சுக் கொட்டினாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். அதில் நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

“பாருங்கக்கா, பச்ச மரத்த எப்பிடி வெட்டச் சொல்லுதாள்னு. இவெல்லாம் டீச்சராம்.”

நான் நன்றாகப் பார்த்தேன். “ஆமா” என்றேன். “மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.”

“கொஞ்சமாவது எரக்கம் இருக்கா பாருங்க.”

“இருக்க மாரி தெரியல” என்றேன். வாசுதேவநல்லூர் வரை அவள் என்னைத் திட்டினாள். நான் ஒத்து ஊதினேன். இறங்கும்போது அவள் பையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அக்கா வீட்டுக்கு நடக்கும்போது சிரிப்பு வந்தது. பாதித் தெருவில் அது அழுகையாக மாறிவிட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, ஒரு காலையில், சாக்கை நனைக்கப் போனபோது அதைப் பார்த்தேன். சாக்குக்கு மேலே, தண்டின் பட்டையைப் பிளந்துகொண்டு சிவப்பாக ஒரு முண்டு. குழந்தைக்குப் பல் முளைக்கும்போது ஈறு புடைக்குமே, அப்படி. சுற்றி வந்து பார்த்தேன். இன்னொன்று. கவைக்குக் கீழே வரிசையாக இன்னும் சில. இத்தனை நாளும் தண்டுக்குள் சேர்த்து வைத்திருந்த மாவுச்சத்தைச் செலவழித்து, கீழே புது வேர் விட்ட பிறகு, மேலே இலையை அனுப்பியிருக்கிறது. எவ்வளவு தண்ணீர் எடுக்க முடியுமோ அந்த அளவுக்குத்தான் இலை. அதற்கு மேல் ஒன்று கூட இல்லை. மேடை போட்டுச் சொல்லத் தெரியாத அறிவு அது. நான் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே நின்றேன். முதல் மணி அடித்ததும்தான் வகுப்புக்குப் போனேன்.

துளிர் கையளவு ஆனதும் தலைவர் வந்தார். பச்சைத் துண்டு, பின்னால் குழு. அந்தத் துளிரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “அன்னைக்கே நான் சொன்னம்லா, மரம் பொழைக்கும்னு. நம்ம ஊத்துன தண்ணி வீண் போவுமா?” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். வங்கி அதிகாரி தலையாட்டினார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அப்போதும் பேருந்து நிலையத்துச் சுவரில் பாதி கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் கூச்சம் இல்லை.

மறுபிறப்பு விழா கொண்டாடுவது என்று அங்கேயே முடிவாயிற்று. விழாவுக்கு மரத்தைச் சுற்றி வட்டமாகக் கிரானைட் மேடை, அதில் தலைவரின் பெயர். மறுநாளே கல்லும் சிமென்ட் மூட்டையும் வந்து இறங்கின. நான் ஆய்வகத்திலிருந்து ஓடினேன். கொத்தனார் மரத்தின் அடியை ஒட்டி நூல் பிடித்துக்கொண்டிருந்தார். புது வேர் நுனிகள் அந்த மண்ணில்தான் இருந்தன. அதன் மேல் காங்கிரீட் போட்டால் மழை இறங்காது, காற்றும் இறங்காது. மறுபடியும் முதலிலிருந்து.

இந்த முறை நான் வேரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த ஆளை அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. “அண்ணாச்சி, மேடை கட்டுனா பையமாருவ அது மேல ஏறி உக்காந்துருவானுவ. கல்லுல இருக்க ஒங்க பேரு அவனுவ காலுக்குக் கீழ போயிரும். அதுக்குப் பதிலா, தள்ளி ரோட்டப் பாத்து ஒசரமா ஒரு போர்டு வச்சா, பஸ்ல போறவங்களுக்கும் தெரியும்லா?” என்றேன்.

தலைவர் யோசித்தார். ரோட்டைப் பார்த்தார். ஒரு பஸ் போயிற்று. “டீச்சர் சொல்லுததுல ஒரு இது இருக்கு” என்றார். சிமென்ட் மூட்டைகள் திரும்பிப் போயின. சவ்வூடு பரவலும் சாறேற்றமும் செய்ய முடியாததை ஒரு போர்டு செய்துவிட்டது.

விழாவில் எனக்கும் பொன்னாடை போட்டார்கள். தலைவர் மைக்கைப் பிடித்தார். “அன்னைக்கு டீச்சர் ஏதோ உணர்ச்சிவசப்பட்டு வெட்டிட்டாங்க. நாம மன்னிச்சிட்டோம். மரமும் மன்னிச்சிட்டு” என்றார். பலத்த கைதட்டல். தலைமையாசிரியர்தான் எல்லாரையும் விட அதிக நேரம் தட்டினார். எழுந்து மைக்கைப் பிடுங்கிப் பேச எனக்கு நிறைய இருந்தது. வாய்க்கால் வெட்டிய பிள்ளைகள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சிலர் என்னைப் பார்த்துவிட்டு, தலைவரைப் பார்த்துவிட்டு, தட்டாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது. பொன்னாடையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

மரம் இப்போது சைக்கிள் ஸ்டாண்டு வரை நிழல் போடுகிறது. போர்டில் தலைவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்.

போன ஐப்பசியில் குழு குருவிகுளம் சாலையில் ஒரு புளியமரத்தை எடுத்தது. செய்தி கேட்டதும் நான் தலைவருக்குப் போன் செய்தேன். “அண்ணாச்சி, கெளையக் கழிச்சிட்டுத்தான்” என்று தொடங்கினேன்.

அவர் முடிக்க விடவில்லை. “அதெல்லாம் எங்களுக்குத் தெரியும் டீச்சர். போன தடவ நாங்கதான பண்ணுனோம்?”

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அதைப் பார்க்கப் போனேன். புளி மொட்டையாக நின்றது. வெட்டுவாய்களில் சாணி பூசியிருந்தது. தண்டில் ஈரச் சாக்கு. குழியிலிருந்து ஒரு வாய்க்கால், நான் வெட்டியதை விட நேராக. மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தேன், மணல் கலந்திருந்தார்கள். எங்காவது ஒரு தப்பு இருக்கும் என்று இரண்டு முறை சுற்றி வந்தேன். பேனரைத் தவிர எதிலும் குறை சொல்ல முடியவில்லை. ஆத்திரத்தோடு ஸ்கூட்டரைத் திருப்பினேன்.